வெல்லப் பொட்டலத்தில் வந்த கலவரம்

ஐம்பதுகளின் கடைசியில் நெல்லிவாசல்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருவன்தான் வாத்தியார். அந்த ஊரில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவனும் நான் ஒருவனே. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. மலைக்குச் செய்தித்தாள் வராது. வெல்லம் கட்டிய காகிதம்தான் வரும். பொட்டலத்தைப் பிரித்ததும் ஊர்த்தலைவர் தாளை நீவி என்னிடம் நீட்டுவார். நான் குரலை ஏற்றி இறக்கி, கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்து வாசிப்பேன்.

ஒரு நாள் வந்த தாளில், இரு மதத்தாருக்குள் கலவரம், கடைகளுக்குத் தீ என்றிருந்தது. ஊர்ப் பெயரும் தேதியும் இருந்த மூலை கிழிந்துபோயிருந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்தால்தானே! வாணியம்பாடி என்று அடித்துவிட்டேன்.

மறுநாளே வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் மலையேறி வந்தார். வருஷா வருஷம் புளி வாங்க வருகிறவர். இந்த முறை மகள் கல்யாணத்துக்குத் தேனும் வேண்டும் என்று வந்திருந்தார். தப்பித்து வந்தாரே என்று ஊரே சூழ்ந்துகொண்டு கண் கலங்கியது. அவர் திருதிருவென்று விழித்தார். தன் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்றார். பயத்தில் உளறுகிறார் என்று தலைவர் முடிவுகட்டி, அவரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு, வாசலில் இரண்டு பேர் காவல். உயிர் இருந்தால் கல்யாணம் அடுத்த மாதமும் நடக்கும் என்று சொல்லி, கீழே இறங்க மட்டும் விடவில்லை.

புதன்கிழமை பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம எம் பொண்ணுக்கு நிக்காஹ் சார். அப்பன் இல்லாம எப்டிங்க நடக்கும்? நீங்க சொன்னா கேப்பாங்க."

என் மானம் பெரிதா, அவர் மகள் கல்யாணம் பெரிதா? வெட்கக்கேடு, அதற்கு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வியாழன் காலையில் எல்லாரையும் கூட்டி, ஊர்ப் பெயர் என் கைச்சரக்கு என்று ஒப்புக்கொண்டேன். ஒருவரும் நம்பவில்லை.

"அச்சுல போட்டத நீங்க இல்லன்னா ஆயிடுமா வாத்தியாரே?" என்றார் தலைவர்.

ஆனாலும் ஒரு பெண்ணின் கல்யாணம் தம்மால் நின்றது என்ற பேச்சு வரக்கூடாதென்று அவரே ஒரு வழி செய்தார். பாய் நடுவில், சுற்றிலும் கொடுவாளோடு பத்துப் பேர், அதில் தலைவரும் ஒருவர், கடைசியில் நான். அப்படியே இறங்கி வெள்ளிக்கிழமை காலை வாணியம்பாடிக்குள் நுழைந்தோம்.

தெருவில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. பாய் தொண்டை கிழியக் கத்தி விளக்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்தன. கொடுவாள்களைக் கல்யாணச் சமையல்காரர் வாங்கிப் பத்திரப்படுத்தினார். நிக்காஹ் நேரத்துக்கு நடந்தது. பத்துப் பேரும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுப் பிரியாணி சாப்பிட்டார்கள்.

சில மாதம் கழித்து வந்த வெல்லப் பொட்டலத்தைப் பிரித்தால், அதில் நாங்களே இருந்தோம். மலையிலிருந்து ஆயுதங்களோடு கும்பல் இறங்கியதாம். வாணியம்பாடியில் மதப் பதற்றமாம். கடையடைப்பாம். இந்தத் தடவை ஒரு சொல்கூடச் சேர்க்காமல் வாசித்தேன்.

"நாம குந்தி சாப்ட்டது போட்டிருக்குதா?" என்று கேட்டார் தலைவர்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க சைக்கிள் விளம்பரம். போட்டிருக்கிறது என்றேன். விரலை விளம்பரத்தின் மேல் ஓட்டி, பிரியாணியில் கிடந்த கிராம்பு வரைக்கும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.