செல்விக்குப் போட்ட அரைப் பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை நான். பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப் பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம்தான். அன்று செல்வியின் கொழுந்து பதினான்கு கிலோ நின்றது. அன்று காலை மலையுச்சியில் கூடப் பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டி மயங்கிய ராணியை முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். அது தெரிந்தும் அரைப் பேர் போட்டேன்.

"நாலு கிலோ கொறையுதுங்களா? ராணி அம்பது கிலோ இருப்பா. அவள எந்தத் தராசுல நிறுத்தீங்க?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

"கொழுந்துக்குத்தான் கணக்கு. வாய மூடிக்கிட்டுப் போ" என்றேன்.

அவள் கூடையை எடுத்தபோதுதான் பார்த்தேன். அவள் கையும் குளவி கொட்டி வீங்கியிருந்தது. அப்போதும் நான் எழுதியதைத் திருத்தவில்லை.

சாயங்காலம் பெக்டரியில் எல்லாருடைய கொழுந்தும் ஒரே குவியலாகக் கிடந்தது. அதில் செல்வி பறித்தது எது என்று எவனாலும் சொல்ல முடியாது. ஆளையும் அவள் பட்ட பாட்டையும் அழித்துவிட்டுக் கிலோவை மட்டும் மிச்சம் வைப்பதுதான் என் வேலை என்று அங்கேதான் புரிந்தது.

ராணி பிழைத்து வேலைக்கு வந்துவிட்டாள். அவள் கொண்டுவரும் ஒவ்வொரு கிலோவிலும் செல்வியின் உழைப்பும் இருக்கிறது. அதை எழுத என் புத்தகத்தில் கட்டம் கிடையாது. ஆனால் முழுப் பேர் எழுதக் கட்டம் இருந்தது.