ஒனொரின் தூங்கிய மத்தியானம்

பிரான்சின் ரூவான் நகரில், மதாம் கோஸ்லென் வீட்டில் ஒனொரின் பதினோரு வருடமாக வேலைக்காரி. மூன்று மாடிக்கும் தண்ணீர் சுமப்பாள், சமைப்பாள், கிழிசல் தைப்பாள். மேல்மாடியில் குடியிருந்த தெவெனே, செம்புத் தகட்டில் மெழுகு பூசி ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்துப் படம் அச்சிடுபவர். அவள் பாத்திரம் தேய்ப்பதையும் வெங்காயம் உரிப்பதையும் வரைந்திருந்தார். அந்த வீட்டில் அவளை 'நீங்க' என்று அழைத்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வசந்தத்தில் மதாமின் குழந்தைகளுக்குத் தட்டம்மை போட்டது. ஒனொரின் மூன்று நாள் கண் மூடவில்லை. நாலாம் நாள் மத்தியானம் தெவெனே அடுப்படிக்கு வந்தார்.

"கண்ணு சொக்குது உங்களுக்கு. கொஞ்சம் சாஞ்சுக்குங்க, சூப்பை நான் பாத்துக்கறேன்."

"மதாம் வந்துட்டா, முசியே?"

"எழுப்ப மாட்டேனா?"

மடியில் காலுறையும் ஊசியுமாக அப்படியே தூங்கிப்போனாள். விழித்தபோது சூப் அடிப்பிடிக்காமல் இருந்தது. அந்த நன்றியில் அவர் அறையை இரண்டு முறை கூட்டிவிட்டாள்.

கோடையில் ஒருநாள் மதாம் கோயிலிலிருந்து வந்ததும் ஒரு படத்தை மேசைமேல் விரித்தாள். வாய் பிளந்து தூங்கும் ஒனொரின். சட்டிக்குள் தலையை விட்டிருக்கும் பூனை. அடியில் 'சோம்பேறி வேலைக்காரி' என்று எழுதியிருந்தது. அந்த வீட்டில் பூனையே கிடையாது.

"படக்கடை வாசல்ல தொங்குது. ஊரே என் அடுப்படியப் பாத்துச் சிரிக்குது. கிளம்பு நீ."

"குழந்தைங்களுக்கு முடியாதப்ப மூணு நாளா..."

"அது படத்துல தெரியலையே."

ஒனொரின் மாடிக்கு ஓடினாள்.

"பேரு கடைக்காரன் வச்சது," என்றார் தெவெனே. "பூனை இருந்தாத்தான் விக்கும்னான். உங்க முகம் எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க!"

"பாத்திரம் தேய்க்கற படம் என்னாச்சு?"

"அதை யாரும் வாங்கல."

"அப்ப கீழ வந்து சொல்லுங்க, நீங்கதான் தூங்கச் சொன்னீங்கன்னு."

அவர் விரல் மையைத் துணியில் துடைத்தார். "நான் இந்த வீட்டுல குடியிருக்கணும்ல, ஒனொரின்."

அவள் இறங்கிப்போய்த் தன் துணிமணிகளைக் கட்டிக்கொண்டாள்.

செய்ன் ஆற்றங்கரையில் கட்டியிருந்த, துணி வெளுக்கும் படகில் வேலை கிடைத்தது. "வாடி தூக்கக்காரி, பூனையக் கூட்டிட்டு வரலையா?" என்று அங்கிருந்த பெண்கள் வரவேற்றார்கள். அந்தப் பெயர் மறைய இரண்டு வருடமாயிற்று. ஒருமுறை அவள் பங்குக்கு வந்த மூட்டையில், கை ஓரமெல்லாம் மை படிந்த சட்டை இருந்தது. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டு, யார் வீட்டுப் படுக்கை விரிப்பையோ எடுத்து அடிக்க ஆரம்பித்தாள்.