துண்டு சுட வைக்கும் கம்பி

நான் பி.யூ.சி. படித்த வருஷம் அம்மாவின் வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போனது. முதலில் தலை பின்ன வரவில்லை. பிறகு ரவிக்கை போட்டுக்கொள்ளவும் நான் வேண்டியிருந்தது. அதையெல்லாம் சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாதது கரும்பலகை. அம்மா ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பலகையில் பாதிக்குக் கீழே எழுதினால் பின்வரிசைக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் லீவு விட்ட அன்று தலைமையாசிரியை (பெரிய டீச்சர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்) அம்மாவைக் கூப்பிட்டு, லீவு முடிந்து வருவதற்குள் கை சரியாகாவிட்டால் ஐந்தாம் வகுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷமாக அது அம்மாவின் வகுப்பு.

தோள்பட்டை இறுகிவிட்டது, சூடாக ஒத்தடம் கொடுத்துவிட்டு, சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள் என்றார் டாக்டர். அப்பா ரயில்வே வேலையாக விழுப்புரத்தில் இருந்தார். ஆகவே வைத்தியம் முழுக்க என் பொறுப்பு. கவலையைவிட எனக்கு உற்சாகம்தான் அதிகமாக இருந்தது, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வெந்நீரில் நனைத்த துணி இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடுகிறது. பௌதிகம் படிக்கிறவள் அதோடு நின்றுவிடுவதா?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஊருக்குத் திரும்பினார்கள். சாமான்களை வராந்தாவில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் போவதற்குள் பாத்திரம், நாற்காலி எல்லாம் போயாயிற்று. மிச்சம் கிடந்தது சின்ன ஏணி மாதிரி ஒன்று. பளபளவென்று மூன்று குறுக்குக் கம்பிகள், இரண்டு கால், வால் மாதிரி ஓர் ஒயர்.

அந்த வீட்டுச் சமையல்காரர் சிரித்தார். "இத்த எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போற பாப்பா?"

"இது என்ன அண்ணா?"

"தொரசானி குளிச்சிட்டு தொடச்சிக்கிற துண்டு கீது பாரு, அத்த இதுல சுட வெக்கும். அவங்க ஊர்ல குளுரு, சரி. இங்க தாம்பரத்துல ஒரு தபா மாட்டிச்சி. தொர குளிச்சிட்டு வேர்த்துக்கினு வெளிய வந்தாரு."

துண்டு சூடாகும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் குளியலறையில் பிளக் பாயின்ட் கிடையாது. ஒரே ஒரு பல்பு. அதைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அடாப்டரை மாட்டி ஒயரைத் தொங்கவிட்டேன். வெளிச்சம் அல்லது சூடு, இரண்டில் ஒன்றுதான். சாயந்திரமானால் எங்கள் பக்கம் வோல்டேஜ் விழுந்துவிடும், கம்பி வெதுவெதுப்போடு நின்றுவிடும். வோல்டேஜ் பாதியானால் சூடு கால்வாசிதான் கிடைக்கும் என்று அம்மாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"அப்ப மத்தியானமே போடேன்டி" என்றாள் அம்மா.

மத்தியானத்தில் ஆரம்பித்தோம். பிழிந்த துண்டைக் கம்பியில் போட்டால் கால் மணி நேரத்தில் ஆவி கிளம்பும். தோளில் சுற்றிவிட்டால் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். முதல் நாள் ஒத்தடம் முடிந்ததும் குளியலறைச் சுவரிலேயே கையை ஏற்றச் சொல்லி, நடுவிரல் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

இரண்டாம் நாள் அம்மா ஈரக்கையோடு துண்டைத் தொட்டுவிட்டு, "சுருக்குனு இழுக்குதுடி" என்று கையை உதறினாள். ஹோல்டரில் எர்த் இல்லை. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடும் மரமணையைக் கொண்டுவந்து போட்டு அவளை அதன் மேல் நிறுத்தினேன். துண்டை நானே, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன். அப்படியும் அவள் மணையைவிட்டு இறங்கமாட்டாள்.

அன்றைக்குக் கோடு இரண்டு விரற்கடை ஏறியது.

"பாத்தியாம்மா?"

"ம்."

அன்றே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். இதே வேகத்தில் போனால் பள்ளி திறப்பதற்குள் பலகையின் உச்சியைத் தொட்டுவிடலாம் என்று ஒரு வரைபடமும் போட்டிருந்தேன். ஆனால் அதற்கப்புறம் கோடு நகரவில்லை. நான் விடவில்லை. "இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்" என்று முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினேன். அம்மா நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றாள். "நாளைக்குப் பாக்கலாம்டி" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் கரண்டு இல்லை. வெந்நீர்த் துணியாலேயே ஒத்தடம் கொடுத்தேன். மணை ஊறிப்போயிருந்ததால் கொல்லையில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா வெறுந்தரையில் நின்று கையை ஏற்றினாள். விரல் முதல் நாள் கோட்டில் வந்து நின்றது. சரியாக அதே இடம்.

"துணியில சூடு பத்தலம்மா. ரெண்டு விரல் கொறையுது."

நான் அவள் கால்களைப் பார்த்தேன். கொல்லைக்குப் போய் மணையின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக அதே உயரம். வரைபடம் வரைந்த மூளைக்கு இது மட்டும் எட்டவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். மணை மேல ஏறுனா யாருக்குத்தான் எட்டாது?"

"ஏம்மா சொல்லல?"

"நீ உடனே அப்பாவுக்கு லெட்டர் எழுத உக்காந்துட்ட." சுவரைப் பார்த்து, "எனக்கும் அந்தக் கோட்டப் பாக்க நல்லாத்தான் இருந்துது" என்றாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். நான் கல்லூரியில் எந்தப் பாடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று ஞாபகமில்லை. என்னால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை என்பதுதான் நாள் முழுக்க மண்டையில் ஓடியது.

சாயந்திரம் அம்மா வந்து குடையை மூலையில் சாய்த்தாள்.

"ஒண்ணாம் வகுப்பு குடுத்துருக்காங்க. அங்க போர்டே வேண்டாம். பக்கத்துல உக்காந்து சிலேட்டுல கையப் புடிச்சு எழுத வெச்சா போதும்."

"அஞ்சாப்பு யாருக்கு?"

"புதுசா ஒரு சார். எந்தெந்தப் பிள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்தேன். முன்னாடி உக்கார வெக்கணும்ல."

நான் பேச ஆரம்பித்தேன். ஜெனரல் ஆஸ்பத்திரியில் காட்டலாம், வேறு பயிற்சி இருக்கிறதாம், தைலம் ஒன்று சொன்னார்கள். பேசப் பேச என் குரல் எனக்கே பிடிக்காமல் போயிற்று. அம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"சரிடி, செய்யலாம்" என்று சொல்லிவிட்டு மேஜைக்கு முன் உட்கார்ந்து, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை முணுமுணுத்து மனப்பாடம் செய்யத் தொடங்கினாள்.