சவப்பெட்டிக் கடை மரத்தூள்

அன்று காலை திடலில் நின்றவர்கள்: கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துப் பெரிய பிரதர். காவல்கார அண்ணன். பந்தாட்டத்தில் கோல் காக்கும் சீனப் பையன். நான். என் வண்டி மாடுகள் இரண்டு.

திடல் முழுக்கத் தண்ணீர். இரவெல்லாம் மழை. கடல் பெருக்கு வேறு, சாக்கடை வழியாக ஏறிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே கோப்பை ஆட்டம். ஏற்கெனவே ஒரு தடவை மழையால் தள்ளிப் போட்டாயிற்று. இந்தத் தடவையும் எங்கள் திடல் காயாவிட்டால் கோப்பை எதிர்ப் பள்ளிக்கூடத்துக்கு.

நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விறகும் அரிசியும் ஏற்றுகிறவன். படித்தவன் இல்லை. ஆனால் தவுக்கே என்கிற சீன முதலாளியின் மகனும் துணி வெளுக்கிற தோபி மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"மணல் கிடைக்குமா?" என்று பிரதர் மலாய் மொழியில் கேட்டார்.

"மணலுக்குத் தூரம் போகணும் சாமி. மரத்தூள் பக்கத்துலயே இருக்கு" என்றேன்.

அடுத்த தெருவில் சீனர் சவப்பெட்டிக் கடை. தூள் குவிந்து கிடக்கும். தவுக்கே காசு வாங்கவில்லை.

"சும்மா எடுத்துட்டுப் போ லா. சாகுறப்ப மட்டும் வேற கடைக்குப் போயிடாதே" என்று சிரித்தார்.

ஒன்பது நடை அடித்தேன். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கூடை கூடையாகக் கைமாற்றிக் கொட்டினார்கள். பிரதர் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மிதித்தார். மத்தியானத்துக்குள் திடல் காலைத் தாங்கியது.

அப்போது கோல் காக்கும் பையன் ஒரு பிடி தூளை முகர்ந்து பார்த்தான்.

"எந்தக் கடை, அண்ணே?"

சொன்னேன். கையை உதறினான். கோல் கம்பத்தை விட்டு வெளியே போய் நின்றான்.

காவல்கார அண்ணன் என் காதைக் கடித்தார். "அட மடையா! போன மாசம் அவங்க அம்மாவுக்கு அந்தக் கடையிலதான்டா பெட்டி எடுத்தாங்க."

எனக்குத் தெரியாது.

பிரதர் அவனை அதட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டார்.

"மத்தவங்க ஓடுறாங்க, பிரதர். நான்தான் நிக்கணும். இது மேல நிக்க முடியாது. தண்ணியில நிக்கிறேன்" என்றான்.

பிரதர் மண்வெட்டி எடுத்தார். நானும் ஒன்று எடுத்தேன். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள். அதனால் இரண்டு கோலிலும் தூளைச் சுரண்ட வேண்டும். ஒன்றை அவர் சுரண்டினார், ஒன்றை நான். சுரண்டிய இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறியது.

"அவங்க கோல் காக்குறவனுக்கும் சளி பிடிக்கும் லா" என்றார் காவல்கார அண்ணன்.

நாலு மணிக்கு நடுவர் வந்தார், வெள்ளைக்காரர். திடலில் நடந்து பார்த்தார். கோல் தண்ணீரைப் பார்த்தார். முழங்கால் வரை சேறான பிரதரின் அங்கியைப் பார்த்தார். விசில் ஊதினார்.

வேலி ஓரம் தோபிகள், துறைமுகத்து ஆட்கள், கடைக்காரர்கள். பெட்டிக் கடைத் தவுக்கேயும் வந்திருந்தார். பையன் கடைசி வரை தண்ணீரில் நின்றான். விழுந்து விழுந்து பிடித்தான். ஒவ்வொரு தடவையும் முகத்துச் சேற்றை வழித்துவிட்டு அதே இடத்தில் நின்றான். அப்படி நிற்க எனக்கு வராது.

முடிந்ததும் பிரதர் இரண்டு மண்வெட்டியையும் தானே கழுவி வைத்தார்.

எங்கள் பையன்கள் போட்டது ஒன்று. அவன் விட்டது பூஜ்யம்.