உப்புக் கேட்டு வந்த ஆறு பேர்

சபையில் இதுவரை தலைவலி தீர்ந்ததற்கும் விசா கிடைத்ததற்கும்தான் சாட்சி சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் இருக்கும்போதே இதைச் சொல்கிறேன். அவர்தான் சொல்லச் சொன்னார்.

2006இல் குவைத் ஃபர்வானியாவில் இருந்தோம். இவர் கம்பெனி டிரைவர். வெளியே தங்கமானவர், வீட்டுக்குள் கை நீட்டுவார். ஒருநாள் விட்ட அறையில் இரண்டு நாள் எனக்குக் காது கேட்கவில்லை. என் விசாவோ அவர் பெயரில்; விட்டுப் போகவும் வழியில்லை. அடுத்த அடிக்கு உயிரோடு இருப்பேனா என்று பயந்தேன். முழங்காலிட்டு, "ஆண்டவரே, இவர் கையை முடக்கிப்போடும்" என்று ஜெபித்தேன். உடனே, "வேண்டாம், வண்டி ஓட்டணும். மனசை மட்டும் மாற்றும்" என்று திருத்திக்கொண்டேன்.

மறுநாள் எதிர்வீட்டு மருதியக்கா வந்தார். ஆனைகட்டி மலையில் இருளர் குடியிருப்பான ஒரு பதியில் பிறந்தவர், குவைத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. நம் சபைக்காரர் இல்லை. என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார்.

"எங்க பதியில சத்தம் கேட்டா, பொம்பளைங்க எல்லாம் ஏதாச்சும் கேட்டுட்டு அந்த வூட்டுக்குப் போயிருவோம் கண்ணு. நாலு பேரு முன்னால கை ஓங்கமாட்டானுங்க. நீ தாழ்ப்பாள் மட்டும் போடாதே" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை இவர் குரலை உயர்த்தினார். உடனே மருதியக்கா உப்புக்கு வந்தார். பின்னாலேயே மிளகாய்க்கு ஒருவர், புளிக்கு ஒருவர் என்று, மருதியக்கா சொல்லிவைத்தபடி, அவரோடு சேர்த்து எங்கள் மாடியில் இருந்த ஆறு பெண்களும் வந்துவிட்டார்கள். மலையாளி நர்ஸ் தேங்காய் எண்ணெய் கேட்டாள். அதையும் இவர் நம்பினார்! வந்தவர்கள் போகவும் இல்லை. உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். கோபம் ஆறிப்போய் இவரே டீ போட்டார்.

மூன்று வாரம் இப்படியே நடந்தது. இவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. உப்பு, புளி, மிளகாய், எண்ணெய் எல்லாம் மொத்தமாக வாங்கிவந்து ஆறு வீட்டு வாசலிலும் வைத்தார். "இனி எவளும் எதையும் கேட்டு இங்க வரப்பிடாது. கலாஸ்! அவ்வளவுதான், முடிஞ்சுது!" என்றார்.

இரண்டே நாளில் மறுபடியும் கத்தினார். கதவு தட்டப்பட்டது. கையில் கிண்ணங்களோடு ஆறு பேரும் நின்றார்கள்.

"வாங்குனதைத் திருப்பித் தரோணுமில்லீங்க தம்பி?" என்றார் மருதியக்கா.

இவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது. மருதியக்கா சிரிக்கவில்லை.

"இன்னொருக்கா இந்தப் புள்ளை மேல கை பட்டா, கிண்ணத்தோட வரமாட்டேன் தம்பி. இவளைக் கூட்டிட்டு எம்பசிக்குப் போயிருவேன்."

இவர் தலைகுனிந்து அழுதார். அடுத்த வாரம் தானே பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து என்மேல் கை பட்டதில்லை. கோபம் வந்தால் படியிறங்கிக் கட்டடத்தைச் சுற்றி நடக்கிறார். ஆள் இளைத்தும்விட்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

அடிபடும் சகோதரியே, நம்பி ஜெபம் பண்ணுங்கள். ஆண்டவர் கேட்கிறார். மற்றவர்களே, அடுத்த வீட்டு அழுகை உங்களுக்கும் கேட்கிறதல்லவா? அவள் ஜெபத்துக்குப் பதில் நீங்கள்தான். முழங்காலிலேயே இருந்துவிடாமல் எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள்.