நாலாம் பெட் டிஸ்சார்ஜ்

நான் இருபது வருட நர்ஸ். பிணத்தைக் கழுவிவிட்டு வந்து டீ குடிப்பவள். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். 2003, ஜூலை 15, செவ்வாய்க்கிழமை நடந்தது இது.

பெங்களூரில், இனி வைத்தியம் பலிக்காது என்றானவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் எங்களுடையது. நாலாம் பெட்டில் லிங்கராஜபுரம் ரெமிஜியஸ். வலி அடங்கியிருந்தது, வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால்தான் டிஸ்சார்ஜ்.

“ஒருத்தரும் இல்ல சிஸ்டர். ஆனா என் வீட்டுலதான் சாவணும்.”

“ஆள் இல்லாம முடியாது சார்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. சட்டம் சட்டம்தானே.

மாலை 6:40. மழை. கரண்ட் போனது.

டிர்ர்ர்...

நாலாம் பெட்டில் நர்ஸைக் கூப்பிடும் மணி. தினமும் 6:40க்குத் தானாக அடிக்கும். எலக்ட்ரீஷியன் டெஸ்மண்ட் இரண்டு முறை வயர் மாற்றியும் நிற்கவில்லை. ஆனால் இப்போது கரண்டே இல்லையே...

மெழுகுவத்தியோடு ஓடினேன். ரெமிஜியஸ் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்.

“யாரும்மா?”

“இவனோட அக்கா. ஜூடித்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இத்தன நாளா எங்கம்மா இருந்தீங்க?”

“இங்கதான்.”

வெளியே கொட்டுகிற மழை. சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

நோயாளியைப் புரட்டக் கற்றுக்கொடுக்கப் போனேன். அவளே புரட்டினாள், அச்சு அசல் எங்கள் முறையில். விரிப்பு இருக்கும் அலமாரியை நான் காட்டவே இல்லை. நேரே போய் எடுத்தாள். இருட்டில்.

6:55. படிவத்தை நீட்டினேன். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருட்டில் படிக்காமலே ஃபைலில் வைத்தேன்.

“இப்ப அனுப்புவீங்கல்ல?”

“ஆள் வந்தாச்சே. தாராளமா.”

“ரெண்டு பேரையுமா?”

“பின்னே, உங்கள இங்கயே வெச்சுக்கவா?” சிரித்தேன்.

அவளும் சிரித்தாள்...

கரண்ட் வந்தது. நாற்காலி காலி.

மறுநாள் ஆம்புலன்ஸில் அவரை அனுப்பினோம். அக்கா வீட்டில் காத்திருப்பாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். சுத்தமான விரிப்பு. மருந்து அட்டையில் வேளை தவறாமல் டிக்.

“அக்கா எங்க சார்?”

“அக்காவா? நாலு வருஷம் முன்னாடி உங்க இல்லத்துலதானே செத்துப்போனா.”

“அப்ப... உங்கள யாரு பாத்துக்கறாங்க?”

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துப் புன்னகைத்தார்.

நான் திரும்பவில்லை.

ஓடிவந்து பழைய ஃபைலைத் தேடினேன். 1999. நான் இந்த இல்லத்தில் சேராத காலம். ஜூடித். நாலாம் பெட். ‘வீட்டுக்குப் போகக் கேட்கிறார். தம்பி துபாயில். வீட்டில் ஆள் இல்லை. டிஸ்சார்ஜ் கிடையாது.’ இறந்த நேரம், மாலை 6:40.

செவ்வாய்க்கிழமைப் படிவத்தை எடுத்தேன்.

‘பார்த்துக்கொள்பவர்’ என்ற இடம் காலி.

‘டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளி’ என்ற இடத்தில்... ஜூடித்.

நாலாம் பெட் மணி அதன்பின் அடிக்கவே இல்லை.