ஹெட்ஃபோனில் மட்டும் கேட்ட குரல்

மைக்கில் யாராவது ஊதினால் மைக்செட்காரருக்கு உடம்பெல்லாம் எரியும். "அது என்ன அடுப்பா, ஊதுறதுக்கு?" என்று மேடைக்குக் கீழிருந்தே கேட்டுவிடுவார். அமைச்சரானாலும் சரி, ஆண்டுவிழாவுக்கு வந்த தலைமை ஆசிரியையானாலும் சரி. அவர் ஊதுவதுமில்லை, தட்டுவதுமில்லை. ஆள்காட்டி விரல் நகத்தால் மைக்கின் வலையை ஒரே ஒரு முறை கீறுவார். அந்தக் கீச்சொலியைக் கேட்டே எந்த வயரில் நோய் என்று சொல்லிவிடுவார். அறுபத்து நான்கு வயதில் கண் மங்கிவிட்டது, காது மட்டும் இன்னும் இருபதில் நிற்கிறது.

கூட்டம் ஆறு மணிக்கு என்றால் மூன்று மணிக்கே ஆம்ப்ளிஃபையரை இறக்கிவிடுவார். வயர்களைத் தரையோடு தரையாக டேப் வைத்து ஒட்டுவார். பேச்சாளர்களை அவர் கட்சி வாரியாகப் பிரிப்பதில்லை. எச்சில் பார்ட்டி, தலையாட்டி, மைக்கை முழுங்கி என்று மூன்றே வகை. "சுருக்கமாப் பேசறேன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா, வீட்டுக்குப் போன் பண்ணி சாப்பாட்டை மூடி வைக்கச் சொல்லிடுவேன்" என்பார். காதில் எப்போதும் ஹெட்ஃபோன். ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைத் திருகி அடியோடு இறக்கினாலும், மேடையில் பேசுவது அவர் காதுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். தொழிலின் வசதி அது. அவர் தலையெழுத்தும் அதுவாகத்தான் போயிற்று.

அந்த மூன்று வகையிலும் சேராத ஒருவர் இருந்தார், தொழிலாளர் தலைவர். "தலைவருக்கு மைக்கே வேணாம். சும்மா கௌரவத்துக்கு முன்னாடி வெச்சிருப்பேன்" என்று சொல்லும்போது மைக்செட்காரரின் முகம் மாப்பிள்ளை முகமாகிவிடும். காரணம் இருக்கிறது. குப்பை அள்ளுகிறவர்கள், சாக்கடை இறங்குகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் யாரும் கடைவீதியில் குடியிருக்க முடியாது, கடை போட முடியாது என்று இருந்த ஊர் அது. நகராட்சி அலுவலகத்துக்கே அவர்கள் பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும். சினிமாக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றுதான் பார்க்கவேண்டும். டிக்கெட் என்னவோ உட்காருகிறவனுக்கும் நிற்கிறவனுக்கும் ஒரே விலை. மைக்செட்காரரின் அப்பா மூட்டை தூக்கியவர், வாழ்நாளில் ஒரு படத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. தலைவர் நாற்பத்தொரு நாள் ஊரையே வேலைநிறுத்தத்தில் உட்காரவைத்து, அத்தனை வாசலையும் திறந்தார். இன்று கடைவீதியில் மைக்செட்காரருக்கு இரண்டு கதவு வைத்த கடை இருக்கிறதென்றால் அது அவர் போட்ட பிச்சை இல்லை, வாங்கிக் கொடுத்த உரிமை. இதை மைக்செட்காரரே திருத்திச் சொல்வார்.

ஆனால் வேலைநிறுத்தத்தை முடிக்கத் தலைவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது, போராட்டத்தில் கைதான பன்னிரண்டு பேரை விடுவிப்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான்கு வருஷம் உள்ளேயே கிடந்தார்கள். தலைவர் அவர்களை விற்றுவிட்டார் என்கிறது ஒரு கூட்டம். பன்னிரண்டு பேருக்காகப் பன்னிரண்டாயிரம் பேர் வாசலில் நிற்கமுடியுமா என்கிறது இன்னொரு கூட்டம். தலைவர் செத்து ஒன்பது வருஷமாகியும் சண்டை சாகவில்லை. மைக்செட்காரர் கடை முன்னால் கிடக்கும் பெஞ்சில்தான் தினமும் அது நடக்கும். அவரை இழுத்தால், "எனக்குச் சத்தம்தான் தெரியும், சங்கதி தெரியாது" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். நல்ல ஒளிவிடம்தான்.

உண்மையில் அந்த ஊரிலேயே சங்கதி தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு, வெற்றி விழாக் கூட்டம். தலைவர் பேசி முடித்து உட்கார்ந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு பெண் விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடித்தாள். பன்னிரண்டு பேரில் ஒருவனுடைய மனைவி. அவள் வாய் திறந்த நொடியில் ஸ்பீக்கர் செத்துப்போயிற்று. உதடு அசைந்தது, கை அசைந்தது, குரல் வரவில்லை. யாரோ கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். அவள் சாபம் விட்டாள், தலைவர் கண்ணைக் காட்டி மைக்கை அணைக்கச் சொன்னார் என்று ஒரு கூட்டம் இன்றுவரை சத்தியம் செய்கிறது. மைக் பழுது, அவ்வளவுதான் என்று மறு கூட்டம் பதில் சத்தியம் செய்கிறது. அப்போது போலீஸ் கேட்டதற்கும் பத்திரிகைக்காரன் கேட்டதற்கும் மைக்செட்காரர் சொன்னது ஒன்றே: "வயர் விட்டுப்போச்சுங்க."

வயர் விடவில்லை. தலைவரும் கண்ணைக் காட்டவில்லை. அவர் அப்போது அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரை ஊர் முன்னால் எவளோ அசிங்கப்படுத்தப் போகிறாள் என்ற பதைப்பில் ஒலிக் குமிழை இறக்கியது மைக்செட்காரரின் சொந்தக் கை. எவரும் சொல்லாமல், எவரையும் கேட்காமல். பிறகு ஹெட்ஃபோனில் அவள் பேசியதைக் கேட்டார். அது சாபமே இல்லை. கேட்டபிறகாவது ஏற்றியிருக்கலாம். விரல் குமிழின் மேலேயேதான் இருந்தது. ஏற்றினால் இறக்கியது யார் என்று தெரிந்துவிடுமே! அந்த வெட்கம் அன்று பிடித்த பிடி. அவள் இருக்கும் தெருவில் அதற்குப்பின் அவர் கால் வைத்ததில்லை. குறுக்குவழி இருக்க ஊரைச் சுற்றிப் போவார். "அந்தத் தெருவுல உங்களை நாய் கடிச்சுதா, பேய் பிடிச்சுதா?" என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

இந்த மாசம் சமாசாரம் முற்றிவிட்டது. புதிய நூலகத்துக்குத் தலைவர் பெயரை வைக்கலாமா கூடாதா என்று நகராட்சி விசாரணை வைத்திருக்கிறது. திங்கட்கிழமை இரண்டு தரப்பும் சாட்சி சொல்லவேண்டும். தலைவர் நினைவுக் குழுவின் செயலாளர், ஓய்வுபெற்ற வாத்தியார், தட்டச்சு செய்த காகிதத்தோடு கடைக்கு வந்தார்.

"ஒண்ணும் புதுசா இல்ல. மைக் பழுதுதான்னு நீங்க எப்பவும் சொல்றதுதான். கீழ ஒரு கையெழுத்து."

மைக்செட்காரர் படித்தார். "பழுது இல்லீங்க சார்" என்றார்.

"பின்ன?"

"நான்தான் இறக்கினேன்."

வாத்தியாரின் முகம் வெளுத்தது. "அவர் சொல்லித்தானே?"

"அவருக்குத் தெரியவே தெரியாது சார். இத்தனை வருஷமா என் தப்புக்கு அவர் திட்டு வாங்கறாரு. நான் பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

வாத்தியாருக்குப் பாதி நிம்மதி, பாதி குழப்பம். "அப்ப அதையே எழுதிக் குடுங்க. நமக்கு நல்லதுதானே?"

"திங்கக்கிழமை வந்து சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட சொல்லணும்" என்று கடையைப் பாதிப் பகலில் பூட்டினார்.

அன்று மேடையேறிய பெண்ணின் வீடு ஒரே அறைதான். பள்ளிக்கூடச் சட்டைகள் குவியலாகக் கிடந்தன. மகள் மெஷினில் ஓரம் அடிக்க, அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கணவன் சிறையிலிருந்து இருமலோடு வந்து இரண்டே வருஷம் இருந்தான் என்பது ஊருக்குத் தெரியும். இவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே, மைக்செட் அண்ணன்தானே? உக்காருங்க" என்றாள். அந்த வரவேற்பே அவரைப் பாதி கொன்றது.

அவர் உட்காரவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அன்னிக்கு மேடையில..." என்றார்.

"அதை ஏன் கேக்கறீங்க!" அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "எனக்கு மைக்ல பேசத் தெரியலண்ணே. தள்ளிப் பிடிச்சிட்டேன். ஏதோ பட்டனை அமுக்கியும் தொலைச்சிருக்கேன். உங்க சாமானைக் கெடுத்துட்டேனோன்னு வேற பயம். வீட்டுக்காரர் வெளிய வந்ததும் முதல்ல கேட்டாரு, எங்க பேரையெல்லாம் சொன்னியான்னு. எனக்கு மைக் பிடிக்கத் தெரியலைன்னுட்டேன். அதுக்கப்புறம் நான் நாலு பேர் முன்னாடி வாயே திறக்கறதில்ல."

ஒருவன் என்னென்ன தண்டனையையோ எதிர்பார்த்துப் போகலாம். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பழியைத் தலைவர் மட்டும் சுமக்கவில்லை, இவளும் சுமந்திருக்கிறாள். சுமக்கவேண்டியவர் ஊரைச் சுற்றி நடந்திருக்கிறார்.

"நீங்க சரியாத்தான் பிடிச்சிருந்தீங்கம்மா" என்றார். "நான்தான் சத்தத்தை இறக்கினேன். தலைவர் சொல்லல. நானா."

மெஷின் நின்றது. மகள்தான் முதலில் பேசினாள். "இத்தனை வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கும்மா. அதனாலதான் இத்தனை வருஷம்."

மகள் எழுந்து கதவைக் காட்டியே விட்டாள். அம்மாள் கையமர்த்தினாள். கோபப்படவில்லை. அவள் முகத்தில் வேறு ஏதோ கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப நான் பேசினது யாருக்குமே கேக்கலையா?"

"எனக்குக் கேட்டுச்சு."

"என்ன பேசினேன்?"

அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். எத்தனையோ ராத்திரி அவர் மனசுக்குள் ஓடிய பேச்சு அது. "நான் சண்டைக்கு வரலய்யா. எங்களுக்காகக் கையெழுத்தை நிறுத்தாதீங்கன்னு எங்க வீட்டுக்காரரே சொல்லியனுப்பினாரு. எல்லாரும் கைதட்டறீங்க, நல்லது. ஒண்ணே ஒண்ணுதான். உள்ள இருக்கிற பன்னெண்டு பேர் பேரையும் இந்த மேடையில ஒருதடவை படிச்சிடுங்க. அது போதும்."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் குரலை முதன்முறையாகக் கேட்கிறவள் போல, உதடு லேசாகப் பிரிந்திருந்தது. பிறகு மடியிலிருந்த சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"தலைவரு கடைசிவரைக்கும் படிக்கல. நீங்க இறக்கினதால அவருக்குக் கேக்கலைன்னே வெச்சுப்போம். உங்களுக்குத்தான் கேட்டுச்சே. நீங்க சொல்லுங்கண்ணே பேரை."

மைக்செட்காரர் கட்டைவிரலைச் சுண்டுவிரலின் முதல் கணுவில் வைத்தார். அவள் கணவன் பெயரைச் சொன்னார். அடுத்த கணுவில், தன் தெருக்காரனான கொத்தன் ஒருவன். பிறகு சாக்கடை வேலைக்குப் போன அண்ணன் தம்பி இருவர். மோதிரவிரலில் முதல் கணு வரைக்கும் வந்து கட்டைவிரல் நின்றுவிட்டது. அவள் பேச்சு முழுவதும் மனப்பாடம், பெயர்கள் தெரியாது. ஊரில் எல்லாரையும்போல அவரும் இத்தனை காலம் 'பன்னிரண்டு பேர்' என்றே சொல்லிப் பழகியிருந்தார். தலை தானாகக் குனிந்தது. விரல் மட்டும் அங்கேயே அமுங்கிக் கிடந்தது.

அவள் எழுந்து வந்தாள். அவர் கையைப் பிடித்து, அந்தக் கட்டைவிரலை அடுத்த கணுவுக்கு நகர்த்தி வைத்து, ஐந்தாவது பெயரைச் சொன்னாள்.